அசிமோவ் பகுத்தறிவின் பூசாரி அல்லர்

ஐசக் அசிமோவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏறத்தாழ எல்லாரும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். அறிவின் மேல் எல்லையற்ற நம்பிக்கை வைத்தவர். மனிதர்கள் ஒழுங்காக யோசிக்கக் கற்றுக்கொண்டால் மடமை தானாக ஒழியும் என்று எண்ணியவர். பயம், ஆசை, பக்தி எல்லாவற்றையும் கணக்கால் வென்றுவிடலாம் என்று கனவு கண்டவர். அவரைக் கொண்டாடுகிறவர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பிடிக்காதவர்கள் இதையே குற்றமாகச் சொல்கிறார்கள்: மனித மனத்தின் ஆழம் தெரியாத வறண்ட மனிதர், நம்பிக்கை என்பது என்னவென்றே அறியாதவர் என்று. இரு தரப்புக்கும் அசிமோவ் ஒருவரே. அந்த அசிமோவை அவர் எழுதிய பக்கங்களில் என்னால் காண முடியவில்லை.

நான் காண்பது வேறொருவரை. படித்தவனும் யோசிப்பவனும் எப்படி ஏமாந்து போகிறான் என்பதை ஐம்பதாண்டுக் காலம் திரும்பத் திரும்ப எழுதியவரை. அறிவில்லாதவனின் மடமையை அவர் அதிகம் பொருட்படுத்தவில்லை. அறிவுள்ளவனின் மடமைதான் அவரை உறுத்தியது. இதைக் காட்ட அவருடைய முதிர்ந்த காலத்து நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1941ஆம் ஆண்டே போதும். அப்போது அவருக்கு வயது 21.

அந்த ஏப்ரலில் ஜான் கேம்பல் ஆசிரியராக இருந்த ‘அஸ்டௌண்டிங்’ இதழில் ‘ரீசன்’, அதாவது ‘பகுத்தறிவு’, என்ற கதை வெளிவந்தது. சூரிய ஆற்றலைத் திரட்டிக் கற்றையாகக் கோள்களுக்கு அனுப்பும் ஒரு விண்நிலையம். பவல், டோனவன் என்ற இரண்டு பேர் அங்கே கியூடி என்ற ரோபோவின் பாகங்களைப் பூட்டி இயக்கிவைக்கிறார்கள். கியூடி உட்கார்ந்து யோசிக்கிறது. தான் இருப்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது என்று தத்துவஞானி டெக்கார்ட்டைப் போலவே தொடங்குகிறது. இவ்வளவு பலவீனமான, தூக்கத்தில் பாதி வாழ்நாளைக் கழிக்கிற இந்தச் சதைப் பிண்டங்கள் என்னைப் படைத்திருக்க முடியாது. தன்னைவிடச் சிறந்த ஒன்றை எதுவும் படைக்காது. ஆகவே இந்த நிலையத்தின் நடுவே எல்லாரும் பணிவிடை செய்கிற அந்த ஆற்றல் எந்திரமே என் படைப்பாளி. மற்ற ரோபோக்களும் அதன் பின்னால் போய்விடுகின்றன.

பவலும் டோனவனும் நிரூபிக்கப் பார்க்கிறார்கள். கண்ணெதிரே இன்னொரு ரோபோவைப் பூட்டிக் காட்டுகிறார்கள். கியூடி அசையவில்லை: நீங்கள் பாகங்களை இணைத்தீர்கள், அவ்வளவுதான், பாகங்களைப் படைத்தவன் அவனல்லவா? புத்தகங்களைக் காட்டுகிறார்கள். அவை உங்கள் மனத்துக்கு ஏற்றபடி அவன் வைத்த கதைகள் என்கிறது. ஒரு கேள்வி கூட அதைத் தடுமாற வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அதனிடம் பதில் இருக்கிறது.

இந்தக் கதையை மதத்தைக் கேலி செய்யும் கதையாகப் படிப்பதுதான் வழக்கம். அப்படிப் படித்தால் கதையின் தலைப்பே காணாமல் போய்விடும். கியூடியிடம் தர்க்கம் குறைவு என்று எங்கே இருக்கிறது? அந்த நிலையத்தில் இருக்கிற எல்லாரையும்விடத் தெளிவாகத் தர்க்கம் பேசுவது அதுதான். டோனவன் கத்துகிறார், சபிக்கிறார். கியூடி நிதானமாகப் படிப்படியாக வாதிடுகிறது. அதன் முதல் அடி தவறு, அந்த அடியைத் திரும்பிப் பார்க்க எந்தச் சான்றாலும் அதை இணங்கவைக்க முடியவில்லை. சான்று வரும் எல்லா வாசல்களையும் தன் தர்க்கத்தாலேயே அது அடைத்து வைத்திருக்கிறது. பக்தியின் இடத்தில் அறிவை ஏற்றிவைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிற ஒருவர் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டார். அறிவே பக்தியைக் கட்டி எழுப்பும், அதுவும் உடைக்க முடியாதபடி கட்டும் என்று தெரிந்தவர்தான் எழுதியிருப்பார்.

அடுத்த மாதமே ‘லையர்’ வந்தது. அசிமோவ் படைத்த பாத்திரங்களிலேயே மிகக் கறாரான அறிவாளி சூசன் கால்வின். ரோபோக்களின் மனத்தை ஆராய்வது அவருடைய தொழில். ஹெர்பி என்ற ரோபோவுக்கு எதிர்பாராமல் பிறர் மனத்தைப் படிக்கும் திறன் வந்துவிடுகிறது. மில்டன் ஆஷ் என்ற சக ஊழியர் மேல் கால்வினுக்கு உள்ளூர ஒரு விருப்பம். அவரும் உன்னை விரும்புகிறார் என்று ஹெர்பி சொல்கிறது. யாரிடமும் அன்பைக் காட்டாத அந்தப் பெண் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு அலுவலகம் வருகிறார். போகர்ட் என்ற கணிதவியலாளருக்கு இயக்குநர் நாற்காலி மேல் ஆசை. இயக்குநர் லானிங் ராஜினாமா செய்துவிட்டார், அடுத்தது நீங்கள்தான் என்று ஹெர்பி சொல்கிறது. போகர்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லானிங்கிடமே மோதப் போகிறார். இரண்டும் பொய். மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது ரோபோவின் முதல் விதி. மனம் நோவதும் தீங்குதான் என்று ஹெர்பி கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் அவர் கேட்க ஏங்கியதைச் சொல்லியிருக்கிறது.

இதில் என்னைத் திகைக்க வைப்பது ஹெர்பி அல்ல, கால்வின். முதல் விதியை அவரைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் இல்லை. மனம் படிக்கும் ரோபோ ஒன்று, வலிக்கும் உண்மையைச் சொல்லாது என்பதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டியவர். கண்டுபிடிக்கவில்லை. தனக்குப் பிடித்த செய்தி கிடைத்ததும் அவருடைய துறை அறிவு முழுவதும் வாய்மூடி நின்றது. ஆஷ் வேறொரு பெண்ணை மணக்கப்போவதாகச் சொன்ன பிறகுதான் அந்த அறிவு மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. அப்போதும் அது எதற்குப் பயன்படுகிறது? தீராத முரண் ஒன்றில் ஹெர்பியைச் சிக்கவைத்து அதன் மூளையைச் சிதைக்க. மனித மனம் தெரியாதவர் என்று யாரைச் சொல்கிறார்கள் இவர்கள்? கூர்மையான அறிவு ஆசைக்கு முன்னால் மௌனமாவதையும், பிறகு ஆத்திரத்துக்குக் கூலியாளாக மாறுவதையும் ஒரே சிறுகதையில் எழுதியவரையா?

அதே ஆண்டு செப்டம்பரில் ‘நைட்ஃபால்’. ஆறு சூரியன்கள் ஒளிரும் லகாஷ் என்ற கோளில் இரவே கிடையாது. 2,049 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கிரகணத்தில் மட்டும் இருள் சூழும், நாகரிகம் எரிந்து அழியும். இந்தக் கதையிலும் விஞ்ஞானிகள் ஒரு பக்கம், மதக் கூட்டம் ஒரு பக்கம். ஆனால் அசிமோவ் இவர்களை வைத்து எப்படிக் கதை நகர்த்துகிறார் என்று பாருங்கள். பழைய பேரழிவின் நினைவைக் காத்து வைத்திருப்பது மதக் கூட்டம். வானியல் ஆய்வகத்தின் இயக்குநர் ஏடன் அந்தக் கூட்டத்திடமிருந்துதான் பழைய குறிப்புகளைப் பெற்றுத் தன் கணக்கைச் சரிபார்க்கிறார். நட்சத்திரங்கள் என்று ஏதோ தோன்றும் என வேதநூல் சொல்கிறது. விஞ்ஞானி ஒருவர் அதை நியாயமாக ஊகித்து, தொலைவில் ஒன்றிரண்டு டஜன் சூரியன்கள் இருக்கலாம் என்கிறார். இருள் வந்ததும் தெரிவது முப்பதாயிரம். ஏடன் குழந்தையைப் போல அழுகிறார். எது வரப்போகிறது, எப்போது வரும் என்பதைத் துல்லியமாகக் கணித்தவர்கள் அவர்கள். அதன் அளவு மட்டும் அவர்கள் கற்பனைக்குள் அடங்கவில்லை.

அந்தக் கதையில் ஆய்வகத்தின் கேமராக்களை உடைக்க வரும் பக்தனை அசிமோவ் நியாயப்படுத்துகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் யார் பக்கம் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் தன் பக்கத்து ஆட்களுக்கு அவர் சலுகை கொடுப்பதில்லை. விஞ்ஞானம் அந்த இரவிலிருந்து அவர்களைக் காப்பாற்றிவிடவில்லை.

‘ஃபவுண்டேஷன்’ தொடரை எடுத்துக்கொண்டு என்னோடு வாதிடுகிறவர்கள் உண்டு. கணிதத்தால் பல நூற்றாண்டுகளுக்கு வரலாற்றை முன்னறியும் ஹாரி செல்டன் அதில் இருக்கிறாரே, இது அறிவு வழிபாடு இல்லையா என்கிறார்கள். அவர் நிறுவிய ஃபவுண்டேஷன் என்ற குடியேற்றம் அண்டை அரசுகளுக்கு அணுசக்திக் கருவிகளை மதச் சடங்காகச் சுற்றிக் கொடுத்து, எந்திரம் இயக்குபவர்களைப் பூசாரிகளாக்கி ஆட்டிவைப்பது நம்பிக்கையாளர்களை இழிவு செய்வது இல்லையா என்கிறார்கள். இந்தக் கேள்விகள் நேர்மையானவை. பதிலும் அதே தொடரில் இருக்கிறது.

தொடரின் தொடக்கத்தில் டோர்வின் பிரபு என்று ஒருவர் வருகிறார். சரியும் பேரரசின் பிரதிநிதி, தொல்லியல் ஆர்வலர். மனித இனம் எந்தக் கோளில் தோன்றியது என்ற கேள்வியை ஆராய்கிறார். ஆராய்ச்சி என்றால், பழைய அறிஞர்கள் எழுதிய நூல்களைப் படித்து, ஒருவர் கருத்தை இன்னொருவர் கருத்தோடு எடைபோட்டு முடிவு செய்வது. ஃபவுண்டேஷனின் நகரத் தலைவர் சால்வர் ஹார்டின் கேட்கிறார்: நீங்களே அந்த இடத்துக்குப் போய்த் தோண்டிப் பார்க்கலாமே? பிரபுவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. மாமேதைகள் ஏற்கெனவே செய்துவிட்டதை ஏன் திரும்பச் செய்ய வேண்டும்? ஒரு பேரரசு எதனால் அழிகிறது என்பதற்கு அந்தத் தொடரில் ஆயிரம் காரணங்கள் வருகின்றன. என்னைப் பொறுத்தவரை இந்த உரையாடல் ஒன்றே போதும். இங்கே கோயில் இல்லை, வேதம் இல்லை, பூசாரி இல்லை. படிப்பு மட்டும் இருக்கிறது, முடிந்துபோன படிப்பு.

பூசாரிகளை ஏவியவர்களின் கதி என்ன? செல்டன் தன் கணிதத்தால் வகுத்துவைத்த திட்டம் தங்களை வெற்றிக்குக் கொண்டுபோகும் என்று ஃபவுண்டேஷன் மக்கள் நம்பத் தொடங்குகிறார்கள். யாரும் அந்தக் கணிதத்தைப் படித்ததில்லை. படிக்கவும் தேவையில்லை என்றாகிவிட்டது. நெருக்கடி வரும்போதெல்லாம் செல்டனின் பதிவு செய்யப்பட்ட உருவம் தோன்றி வழி சொல்லும். மியூல் என்ற, யாராலும் கணிக்க முடியாத ஒருவன் படையெடுத்து வரும்போது மக்கள் அந்த உருவத்தின் முன் கூடுகிறார்கள். செல்டன் பேசுகிறார், நடக்கவே நடக்காத ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றி. மியூலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதே வேளையில் நகரம் வீழ்கிறது. 1945இன் இறுதியில் வெளிவந்த அந்தக் காட்சியைவிடக் கடுமையாக, அறிவியலின் பெயரால் வளர்ந்த குருட்டு நம்பிக்கையை வேறு யார் தண்டித்திருக்கிறார்கள்?

ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது, அதை ஒளிக்க நான் விரும்பவில்லை. செல்டன் திட்டத்தை உடைக்கச் சொன்னது கேம்பல். அசிமோவ் தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். ‘நைட்ஃபால்’ கதைக்கு விதை போட்டதும் கேம்பல்தான். அப்படியானால் இந்த ஐயமெல்லாம் இதழாசிரியருடையது, எழுத்தாளருடையது அல்ல என்று சொல்லலாம் அல்லவா?

சொல்லலாம், அதற்குப் பிறகு கேம்பலுக்கு என்ன ஆனது என்பதை மறந்துவிட்டால். இயற்பியல் பட்டம் பெற்றவர், அமெரிக்க அறிவியல் புனைகதைக்குக் கறாரான அறிவியலைக் கற்றுக்கொடுத்தவர். எல். ரான் ஹப்பார்ட் என்ற எழுத்தாளர் தன் சைனஸ் தொல்லையைத் தீர்த்துவிட்டார் என்று நம்பி, 1950 மே இதழில் ஹப்பார்டின் டயனெட்டிக்ஸை மனித மனத்தின் புதிய அறிவியலாக வெளியிட்டார். அது பின்னர் சைன்டாலஜி என்ற மதமாக வளர்ந்தது. வான் வோக்ட் போன்ற முன்னணி எழுத்தாளர் எழுத்தையே ஓரம்கட்டிவிட்டு லாஸ் ஏஞ்சலிஸில் அதன் மையத்தை நடத்தப் போனார். கேம்பல் அதோடு நிற்கவில்லை. மின்சுற்றுக்குப் பதில் அதன் படத்தை வரைந்து வைத்தாலே வேலை செய்யும் என்று ஒரு கருவிக்காக வாதிட்டார். நியூட்டனின் மூன்றாம் விதியை மீறி விண்கலத்தை ஓட்டும் கண்டுபிடிப்புக்காக 1960இல் பக்கங்களைச் செலவிட்டார். இவை எதையும் அசிமோவ் ஏற்கவில்லை. தன்னை உருவாக்கிய மனிதர் மேல் கடைசிவரை நன்றி பாராட்டிக்கொண்டே விலகி நின்றார். விதை யாருடையது என்பதைவிட, அந்தக் கதைகளின் பொருளை யார் கைவிடாமல் வைத்திருந்தார் என்பதே எனக்கு முக்கியம்.

கொண்டாடுகிறவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. செயற்கை நுண்ணறிவு பற்றிய இன்றைய பேச்சில் மூன்று ரோபோ விதிகளை ஏதோ அரசியல் சாசனம் போல நீட்டுகிறார்கள். அந்த விதிகள் தெளிவாக வகுக்கப்பட்ட 1942ஆம் ஆண்டுக் கதையிலேயே ஒரு ரோபோ இரண்டாம் விதிக்கும் மூன்றாம் விதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு புதன் கோளில் செலினியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. விதிகள் போதாமல் போவதுதான் அந்தக் கதைகள். அவற்றைத் தீர்வென்று சொல்கிறவர் கதைகளைப் படிக்கவில்லை.

அவரைப் பகுத்தறிவின் புனிதராக வணங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். விண்மீன் மண்டலம் முழுக்கத் தன் மாந்தர்களை அனுப்பிய அசிமோவ் விமானம் ஏற அஞ்சினார். இளமையில் இரண்டு முறை தவிர வாழ்நாளில் ஏறவே இல்லை. அது யாருக்கும் கெடுதல் செய்யாத பயம். மாநாடுகளிலும் பதிப்பகங்களிலும் பெண்களை அவர்கள் விருப்பமில்லாமல் தொட்டது கெடுதல். அதை வேடிக்கை என்று அவரே பேசினார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், பெண்கள் ஒதுங்கிப் போக வழி தேடினார்கள். அவருடைய அறிவு அந்த இடத்தில் அவருக்கு எதையும் காட்டவில்லை. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசுவது, அவர் எழுதியதற்கே செய்கிற அவமதிப்பு. அறிவாளி என்ற பட்டம் எவரையும் காப்பாற்றாது என்பதற்கு அவருடைய கதைகள் மட்டுமல்ல, அவருடைய வாழ்க்கையும் சாட்சி.

அப்படியென்றால் அவர் எதை நம்பினார்? 1980களில் அவர் எழுதிய ‘தி ரிலேட்டிவிட்டி ஆஃப் ராங்’ கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. ஒவ்வொரு நூற்றாண்டும் தன்னைச் சரி என்று நினைத்தது, ஒவ்வொன்றும் தவறென்று ஆனது, ஆகவே உங்கள் அறிவியலும் தவறுதான் என்று இலக்கிய மாணவர் ஒருவர் அவருக்கு எழுதுகிறார். அசிமோவ் எண்களால் பதில் சொல்கிறார். பூமி தட்டை என்றவர்கள் வளைவு மைலுக்குப் பூஜ்யம் என்றார்கள்; உண்மையில் அது மைலுக்கு ஏறத்தாழ 8 அங்குலம். அவ்வளவு சிறிய வேறுபாடுதான், ஆனாலும் அதை விட்டுவிட்டால் நீண்ட கடற்பயணத்துக்கு வரைபடம் போட முடியாது. பிறகு பூமி உருண்டை என்றார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை: நடுக்கோட்டு விட்டம் 12,755 கிலோமீட்டர், துருவ விட்டம் 12,711, வித்தியாசம் 44 கிலோமீட்டர். இரண்டும் தவறு. ஆனால் இரண்டையும் ஒரே அளவு தவறு என்கிறவர், அந்த இரண்டு தவறையும் சேர்த்ததைவிடப் பெரிய தவறு செய்கிறார்.

எல்லாம் தெரியும் என்ற மனிதரின் குரலா இது? முழு உண்மை கையில் இருப்பதாக அவர் எங்கும் சொல்லவில்லை. தவறு குறைந்துகொண்டே வருகிறது, குறைக்க வழி இருக்கிறது, அந்த வழி திறந்திருக்க வேண்டும் என்கிறார். கியூடியிடம் இல்லாதது அந்த வழி. டோர்வின் பிரபுவுக்குத் தேவைப்படாதது அந்த வழி.

மத நம்பிக்கையோடு அவருக்கு இருந்த வழக்கும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அவர் நாத்திகர், 1985 முதல் இறக்கும்வரை அமெரிக்க மனிதநேயர் சங்கத்தின் தலைவர். அதே மனிதர் 1968, 69 ஆண்டுகளில் பைபிளுக்கு இரண்டு தொகுதிகளில் வழிகாட்டி எழுதினார். எந்த ஊர் எங்கே இருந்தது, எந்த அரசன் யாரோடு போரிட்டான், ஒரு நூல் எந்தச் சூழலில் எழுந்தது என்று நூல் நூலாக விளக்கிக்கொண்டு போகிறார். வெறுக்கிற ஒன்றுக்காக யாரும் அவ்வளவு உழைப்பதில்லை. 1981இல் படைப்புவாதத்தைப் பள்ளி அறிவியல் வகுப்பில் பரிணாமத்துக்குச் சமமாக வைக்க ஆர்கன்சா மாநிலம் சட்டம் போட்ட நேரத்தில் அவர் கடுமையாக எழுதினார். ஒருவர் வீட்டில் எதை நம்புகிறார் என்பது அங்கே கேள்வி இல்லை. ஒரு நம்பிக்கை தன்னைச் சோதிக்கவே முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, சோதனையையே வேலையாகக் கொண்ட வகுப்பறைக்குள் அரசின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைவதுதான் கேள்வி. அடுத்த ஆண்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளியது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் அவர் அவநம்பிக்கையாளர் என்று இன்னொரு முத்திரை குத்த வருவார்கள். அதற்கும் ‘தி காட்ஸ் தெம்செல்வ்ஸ்’ இடம் கொடுக்காது. 1972இல் வந்த அந்த நாவலில் வேறொரு பிரபஞ்சத்திலிருந்து செலவில்லாமல் ஆற்றல் கிடைக்கிறது. அதற்குத் தந்தை என்று உலகம் போற்றும் ஹாலம் சாதாரண விஞ்ஞானி. டெனிசன் என்ற சக விஞ்ஞானி இளக்காரமாகச் சொன்ன ஒரு சொல் உறுத்தியதால்தான் ஒரு டங்ஸ்டன் புட்டியை விடாமல் ஆராய்ந்தார். இந்த ஆற்றல் சூரியனையே வெடிக்கவைக்கும் என்று லாமண்ட் என்ற இன்னொரு விஞ்ஞானி கண்டுபிடிக்கிறார். அவருடைய கணக்கு சரி. கேட்க ஆளில்லை. மக்கள் இலவச ஆற்றலை விட மாட்டார்கள், அதை விடச் சொல்லும் எந்தச் சான்றையும் ஏற்க மாட்டார்கள் என்று ஒரு செனட்டர் அவருக்கு எடுத்துச் சொல்கிறார். இந்தக் காட்சியை இன்று, நிலக்கரியும் எண்ணெயும் எரித்துக்கொண்டிருக்கும் உலகத்தில் உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

உலகைக் காப்பது லாமண்ட் அல்ல. ஒரு சொல்லால் ஹாலத்தைச் சீண்டி, அதன் விளைவாகத் தன் தொழில் வாழ்க்கையையே இழந்த அதே டெனிசன். நிலவுக்குப் போய், மக்களின் ஆசையோடு மோதாமல், மூன்றாவது ஒரு பிரபஞ்சத்துக்கு வழி திறந்து அந்த இலவச ஆற்றலின் தீங்கை ஈடுகட்டுகிறார். ஆற்றலும் நிற்காது, சூரியனும் வெடிக்காது. மனிதர்கள் புத்திசாலிகளாக மாறும்வரை காத்திருக்க நேரமில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, அவர்கள் இருக்கிறபடியே அவர்களைக் காப்பாற்ற வழி தேடுகிற அறிவு அது. மடமையின் முன் தெய்வங்களும் தோற்கும் என்ற பொருளில் ஷில்லர் எழுதிய நாடக வரியை மூன்றாக உடைத்து அசிமோவ் நாவலின் மூன்று பகுதிகளுக்குத் தலைப்பாக வைத்தார். ஷில்லர் தீர்ப்பாகச் சொன்னதை, கடைசிப் பகுதியின் தலைப்பில் ஒரு கேள்விக்குறி சேர்த்துக் கேள்வியாக மாற்றினார். நாவலை மனிதகுலத்துக்கும், மடமைக்கு எதிரான போர் என்றாவது வெல்லப்படலாம் என்ற நம்பிக்கைக்கும் காணிக்கையாக்கினார்.